சி லேபுக்கு எல்லோருக்கும் ஒரே கம்பைலர்: டாக்கரில் அமைக்கும் முறை

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப் எடுக்கிறேன். "என் லேப்டாப்ல சரியா ஓடுச்சு மேம்" என்று மாணவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். மேக்கில் ஜிசிசி (நாம் பயன்படுத்தும் சி கம்பைலர்) என்று தட்டினாலும் ஓடுவது கிளாங் என்ற வேறொரு கம்பைலர். உபுண்டு லினக்ஸ் 22.04-இல் ஜிசிசி 11 வரும், 24.04-இல் 13. தொடக்க மதிப்பு தராத மாறி ஒரு மெஷினில் பூஜ்யமாக இருந்து தப்பித்துவிடும், இன்னொன்றில் குப்பை எண்ணைக் காட்டும். மதிப்பெண் அதை நம்பி இருக்கக் கூடாது.

அதனால் எல்லோரும் டாக்கரில் ஓட்டுவோம்: அது ‘கன்டெய்னர்’ என்ற தனிச் சூழலை, எந்த மெஷினிலும் ஒரே கம்பைலரோடு உருவாக்கித் தரும் மென்பொருள். முதலில் டாக்கர் டெஸ்க்டாப்பைப் போடுங்கள். விண்டோஸ் என்றால் அதற்கு முன் டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) வேண்டும். அப்புறம் விஎஸ் கோட் எடிட்டரில் ‘டெவ் கன்டெய்னர்ஸ்’ எக்ஸ்டென்ஷன்.

ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள், பெயரின் முன்னால் புள்ளி வைத்து ‘டெவ்கன்டெய்னர்’ என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் இரண்டு ஃபைல்கள்: கன்டெய்னரை எப்படி உருவாக்குவது என்று சொல்லும் டாக்கர்ஃபைல், அதை விஎஸ் கோடுக்குக் காட்டும் டெவ்கன்டெய்னர் ஜேசன். டாக்கர்ஃபைலின் முதல் வரியில் அடிப்படை இமேஜ் (கன்டெய்னர் தொடங்கும் அச்சு) உபுண்டு 24.04 என்று எண்ணோடு எழுதுங்கள். ‘லேட்டஸ்ட்’ என்று விட்டால் செமஸ்டர் நடுவில் கம்பைலர் மாறிவிடலாம். அடுத்த வரியில் ஆப்ட் (உபுண்டுவில் பேக்கேஜ்களைப் போடும் கருவி) அப்டேட்டும் இன்ஸ்டாலும் ஒரே ‘ரன்’ கட்டளையில் வர வேண்டும். போட வேண்டியவை: பில்ட்-எசென்ஷியல் (ஜிசிசி இதில் வரும்), ஜிடிபி (டீபக்கர்), வால்கிரைண்ட் (மெமரி பிழைகளைப் பிடிப்பது). இரண்டையும் பிரித்தால், அப்டேட் டாக்கர் முன்பு சேமித்து வைத்த பழைய கேஷிலிருந்து வரும். சில வாரம் கழித்து ஒரு பேக்கேஜ் சேர்க்கும்போது ‘ஃபைல் இல்லை’ என்ற 404 பிழை வரலாம். டெவ்கன்டெய்னர் ஜேசன் ஃபைலில் ‘பில்ட்’ என்பதன் கீழ் டாக்கர்ஃபைலின் பெயரைக் கொடுத்தால் போதும்.

விஎஸ் கோடில் எஃப்1 அழுத்தி ‘ரீஓப்பன் இன் கன்டெய்னர்’ தேர்வு செய்யுங்கள். முதல் முறை நிறைய டவுன்லோட் ஆகும், லேபுக்கு முந்தைய இரவே முடித்துவிடுங்கள்.

விண்டோஸ்காரர்கள் ப்ராஜெக்ட் ஃபோல்டரை சி டிரைவில் வைக்காமல் டபிள்யூஎஸ்எல்லின் ஹோம் ஃபோல்டரில் வையுங்கள், வேகம் நன்றாகவே தெரியும்.

கன்டெய்னருக்குள் கையால் இன்ஸ்டால் செய்தது எதுவும் ரீபில்டுக்குப் பின் (கன்டெய்னரை மறுபடி உருவாக்கினால்) இருக்காது. வேண்டியதை டாக்கர்ஃபைலில் எழுதுங்கள். ப்ராஜெக்ட் ஃபோல்டர் உங்கள் டிஸ்கிலேயே இருப்பதால் கோடுக்கு ஆபத்தில்லை.

சரியாக அமைந்ததா என்று பார்க்க, மதிப்பு தராத ஒரு இன்ட் மாறியை இஃப்பில் சோதிக்கும் சிறு ப்ரோக்ராம் எழுதி, ‘மைனஸ் ஜி’ (வரி எண்களைச் சேர்க்கும் ஆப்ஷன்) சேர்த்து கம்பைல் செய்து வால்கிரைண்டில் ஓட்டுங்கள். ‘அன்இனிஷியலைஸ்ட்’ என்ற எச்சரிக்கையும் வரி எண்ணும் வர வேண்டும். வந்துவிட்டால், டெவ்கன்டெய்னர் ஃபோல்டரையும் ப்ரோக்ராம் ஃபைல்களோடு சேர்த்து கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கமிட் செய்யுங்கள். திருத்தும்போது நானும் அதே கன்டெய்னரில்தான் ஓட்டுவேன்.