பட்டாவில் வேறு யார் பெயரோ இருக்கிறதா? யுடிஆருக்கு முந்தைய பதிவேட்டைக் கேளுங்கள்

பூர்விக நிலத்தின் பட்டாவில் சம்பந்தமில்லாத பெயர் இருந்தால், யுடிஆர் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த அரசுத் திட்டம்) 'அ' பதிவேட்டோடு (சர்வே எண்வாரியாக உரிமையாளர் பெயரும் பரப்பும் உள்ள பதிவேடு) அதற்கு முந்தைய எஸ்.எல்.ஆர். (செட்டில்மென்ட் நிலப் பதிவேடு) பதிவேட்டுக்கும் சான்றிட்ட நகல் வாங்கி ஒப்பிடுங்கள். 1979-87 யுடிஆர் பணியில்தான் பல ஊர்களில் பெயரும் பரப்பும் பிசகின. பழைய பதிவேட்டில் தாத்தா பெயர் இருந்து, இடைப்பட்ட காலத்து வில்லங்கச் சான்றில் விற்பனையே இல்லையென்றால், திருத்த மனுவுக்கு அது வலுவான ஆதாரம். சர்வே எண்ணோ உட்பிரிவோ மாறியிருக்கலாம். பழைய-புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியலையும் கட்டாயம் கேளுங்கள். அது இல்லாமல் இரண்டும் ஒரே நிலம்தான் என்று காட்டுவது கஷ்டம்.

எதிர்த்தரப்பு பத்திரத்தோடு உரிமை கோரினால் சிவில் நீதிமன்றம்தான் வழி; அங்கே வருவாய்ப் பதிவேடு துணைச் சான்று மட்டுமே. கிராம நத்தத்துக்கும் (ஊரில் குடியிருப்புக்கான நிலம்) இந்த ஒப்பீடு உதவாது: பழைய பதிவேட்டில் நத்தம் பொதுவாக மொத்தமாக, ஆள் பெயரின்றியே இருக்கும்.