ட்ரையாக்கை மாற்றும் முன்: கேட் ட்ரிகரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிம்மரோ ஃபேன் ரெகுலேட்டரோ வேலை செய்யவில்லை என்றால் பலரும் முதலில் ட்ரையாக்கை, அதாவது ஏசி கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் செமிகண்டக்டர் சுவிட்சை, கழற்றிப் புதிதாக ஒன்றைப் போடுகிறார்கள். புதியதும் பழையது மாதிரியே நடந்துகொள்ளும். கேட்டில் (ட்ரையாக்கை ஆன் செய்யும் முனை) வோல்டேஜ் வருகிறதே, பிறகு ஏன் ஆன் ஆகவில்லை என்ற குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ட்ரையாக்கும் எஸ்சிஆரும் (ஒரு திசையில் மட்டும் கரண்ட் விடும் சுவிட்ச்) அடங்கிய தைரிஸ்டர் குடும்பத்துக்கு வோல்டேஜ் மட்டும் இருந்தால் போதாது. கேட்டுக்குப் போதிய கரண்ட் வேண்டும். அது சரியான முனைக்கும் கேட்டுக்கும் இடையில் ஓட வேண்டும். சரியான நேரத்தில் வர வேண்டும், வந்த பின் சிறிது நேரம் நீடிக்கவும் வேண்டும். இவற்றில் ஏதாவது ஒன்று தவறினால் எத்தனை ட்ரையாக் மாற்றினாலும் பலன் இல்லை.

சோதிக்கும் முன் ஒரு விஷயம். பிடி136 ட்ரையாக்கின் உலோக முதுகு உள்ளே எம்டி2-வோடு இணைந்தது (எம்டி1, எம்டி2 என்பவை லோடு கரண்ட் ஓடும் இரு முனைகள்). எனவே ஹீட் சிங்கிலும் 230 வோல்ட் இருக்கலாம். எர்த் ஆன ஸ்கோப்பின் கிளிப்பை நேராக எம்டி1-ல் மாட்டாதீர்கள், ஷார்ட் ஆகும். ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிட்டு வேலை பார்ப்பது அதைவிட ஆபத்து. போர்டுக்கு ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கொடுங்கள், அல்லது டிஃபரென்ஷியல் புரோப் பயன்படுத்துங்கள்.

இனி முனைகள். கேட் கரண்ட் எஸ்சிஆரில் கேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையிலும், ட்ரையாக்கில் கேட்டுக்கும் எம்டி1-க்கும் இடையிலும் ஓட வேண்டும். எம்டி1, எம்டி2 இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு, ஆப்டோவிலிருந்து (கன்ட்ரோலரை மெயின்ஸோடு இணைக்காமல் ஒளி மூலம் கேட்டைத் தூண்டும் ஐசி) வரும் ரெசிஸ்டரை எம்டி1 பக்கத்தில் கட்டினால் கேட்டுக்கும் எம்டி1-க்கும் இடையில் எந்த வோல்டேஜும் உருவாகாது. ரெசிஸ்டர் எம்டி2 பக்கத்திலிருந்து வர வேண்டும். எதிரெதிராகக் கட்டிய இரண்டு எஸ்சிஆர்களில் இரண்டு கேத்தோடுகளும் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன. ஒரே கேட் சிக்னலை இரண்டுக்கும் நேராகப் பகிர முடியாது. தனித்தனியாகப் பிரித்த டிரைவ் தேவை.

மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து ட்ரையாக்கை நேராக ஓட்டுபவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. கிரவுண்டை எம்டி1-ல் கட்டி, கன்ட்ரோலர் பின்னிலிருந்து கேட்டுக்குக் கரண்ட் தள்ளினால், எம்டி2 நெகட்டிவாக இருக்கும் அரைச் சுற்றில் ட்ரையாக் நான்காவது குவாட்ரன்ட்டில் வேலை செய்ய வேண்டிவரும் (எம்டி2, கேட் இரண்டும் பாசிட்டிவா நெகட்டிவா என்பதன் நான்கு சேர்க்கைகளே நான்கு குவாட்ரன்ட்). ட்ரையாக் மிகவும் மந்தமாக இருப்பது அங்கேதான். சாதாரண பிடி136-600-க்கு மற்ற மூன்றில் அதிகபட்சம் 35 மில்லி ஆம்பியர் போதும். நான்காவதில் 70 வரை கேட்கும். பிடிஏ16-600பிடபிள்யூ போன்ற ஸ்னப்பர் (ட்ரையாக்குக்குக் குறுக்கே கட்டும் ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் ஜோடி) தேவைப்படாத வகைகளை நான்காவதில் ட்ரிகர் செய்யவே கூடாது. விளைவு, பல்பு பாதி வெளிச்சத்தில் எரியும், ஃபேன் உறுமும், லோடு டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால் ஃபியூஸ் போகும். தீர்வு எளிது: 5 வோல்ட் பாசிட்டிவை எம்டி1-ல் கட்டி, கேட்டிலிருந்து கரண்டை இழுங்கள். இரண்டு அரைச் சுற்றுகளும் இரண்டாம், மூன்றாம் குவாட்ரன்ட்டுக்குள் வந்துவிடும்.

ஆப்டோ வைத்த போர்டுகளில் எல்இடி பக்கத்தைச் சரியாகக் கணக்கிடுவதில்லை. எம்ஓசி3021 ஆப்டோவில் எந்த பீஸும் நிச்சயமாக ஆன் ஆக வேண்டுமென்றால் அதன் எல்இடிக்கு 15 மில்லி ஆம்பியர் வேண்டும். 5 வோல்ட்டில் 220 ஓம் போட்டால் சுமார் 17 கிடைக்கும், சரி. அதே போர்டை 3.3 வோல்ட் கன்ட்ரோலருக்கு மாற்றி ரெசிஸ்டரை அப்படியே விட்டால் கிடைப்பது 9.5 தான். சில பீஸ் அதிலும் வேலை செய்யும், சில செய்யாது. மேஜையில் ஓடிய போர்டின் ஜோடி, வாடிக்கையாளர் வீட்டில் மக்கர் பண்ணுவது இதனால்தான். 15 மில்லி ஆம்பியருக்குக் குறையாமல் வரும்படி ரெசிஸ்டரைக் குறையுங்கள். கன்ட்ரோலர் பின் அவ்வளவு தாங்காது என்றால் நடுவில் ஒரு டிரான்ஸிஸ்டர் வையுங்கள்.

கடையில் 3021 இல்லை என்று 3041 வாங்கிப் போடாதீர்கள். அது ஸீரோ கிராஸிங் வகை, அதாவது மெயின்ஸ் வோல்டேஜ் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும்போது மட்டும் ஆன் ஆவது. மெயின்ஸ் 20 வோல்ட்டுக்கு மேல் போனபின் அது ஆன் ஆக மறுக்கும். ஹீட்டரை ஆன்-ஆஃப் செய்ய அருமையானது, டிம்மருக்கு ஆகாது. டிம்மரில் அரைச் சுற்று தொடங்கிக் கொஞ்சம் தாமதித்துத்தான் ட்ரிகர் செய்ய வேண்டும்.

போர்டில் கேட் ரெசிஸ்டர் கருகியிருந்தால் அதைச் சும்மா மாற்றி மூடிவிடாதீர்கள். சர்க்யூட் சரியாக இருந்தால் அந்த ரெசிஸ்டர் சூடாகவே கூடாது. ட்ரையாக் ஆன் ஆனதும் அதன் இரு முனைக்கும் இடையில் ஒன்றரை வோல்ட் அளவுதான் இருக்கும், ரெசிஸ்டர் வழியே கரண்ட் கிட்டத்தட்ட நின்றுவிடும். கருகியிருக்கிறது என்றால் ட்ரையாக் ஆன் ஆகவில்லை, லோடின் கரண்ட் முழுவதும் ஆப்டோவும் ரெசிஸ்டரும் வழியாகப் போயிருக்கிறது. எம்டி1 சால்டர், கேட் சால்டர், ட்ரையாக் என்ற வரிசையில் பாருங்கள். ஆப்டோவும் அநேகமாகப் போயிருக்கும்.

நேரக் கணக்கில் இரண்டு சிக்கல்கள். மோட்டாரில் கரண்ட் மெதுவாகத்தான் ஏறும். லாட்ச்சிங் கரண்டை (பல்ஸ் போன பின்பும் ஆனில் நிற்க எட்ட வேண்டிய அளவு) தொடும் முன்பே பல்ஸ் முடிந்தால் ட்ரையாக் அணைந்துவிடும். அங்கே ஒரே சின்ன பல்ஸ் போதாது, நீளமான பல்ஸோ தொடர் பல்ஸ்களோ கொடுக்க வேண்டும். இன்னொன்று, குறைந்த வெளிச்சத்தில் பல்பு திடீரென முழுதாக மின்னுவது. 50 ஹெர்ட்ஸில் அரைச் சுற்று 10 மில்லி செகண்ட். தாமதம் அதன் விளிம்பைத் தொட்டால் பல்ஸின் வால் அடுத்த அரைச் சுற்றில் விழுந்து அதை முழுதாக ஆன் செய்துவிடும். 9 மில்லி செகண்டுக்கு மேல் தாமதத்தை அனுமதிக்காதீர்கள். பூஜ்ஜியம் வருவதற்குள் பல்ஸை முடித்துவிடுங்கள்.

லோடையும் சந்தேகப்படுங்கள். சின்ன எல்இடி பல்பு இழுக்கும் கரண்ட் ஹோல்டிங் கரண்டுக்கு (தொடர்ந்து ஆனில் இருக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு) கீழே போனால் ட்ரையாக் நடுவிலேயே அணைந்து மினுக்கும். 60 வாட் குண்டு பல்பை மாட்டிப் பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். ஆஃபிலும் எல்இடி மங்கலாக எரிந்தால் ஸ்னப்பரைப் பாருங்கள்: 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக 230 வோல்ட்டில் 7 மில்லி ஆம்பியர் கசியும்.

இவ்வளவுக்குப் பிறகும் ட்ரையாக் மேல் சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரை நம்பாதீர்கள். டையோடு ரேஞ்சில் வரும் கரண்ட் ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான். அதற்கு நல்ல பிடி136 கூட அசையாது. 12 வோல்ட் பேட்டரி, 5 வாட் பல்பு எடுத்து ட்ரையாக்கோடு சீரீஸில் கட்டுங்கள். எம்டி2-விலிருந்து 220 ஓம் வழியாகக் கேட்டைத் தொட்டால் பல்பு எரிந்து, எடுத்த பின்பும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். பேட்டரியைத் திருப்பிப் போட்டும் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் எரிந்தால், அப்போது ட்ரையாக்கை மாற்றலாம்.