ரோம் ஏன் விழுந்தது? பதில் எழுதுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு, எந்த ரோம் என்று கேட்காமலே காரணம் தேடுவது. 395-இல் பேரரசர் தியோடோசியஸ் இறந்ததும் பேரரசு அவருடைய இரு மகன்களுக்கும் பிரிந்தது. 476-இல் விழுந்தது மேற்குப் பாதி மட்டும்தான். கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து (இன்றைய இஸ்தான்புல்) ஆளப்பட்ட கிழக்குப் பாதி 1453 வரை இருந்தது. ஆகவே எந்தக் காரணத்தைச் சொன்னாலும், அது கிழக்கை ஏன் வீழ்த்தவில்லை என்று உடனே கேட்டுப் பாருங்கள். கிறிஸ்தவம் வீரத்தை மழுங்கடித்தது என்ற வாதம் அங்கேயே உடைந்துவிடும். கிழக்கில்தான் அந்த மதம் இன்னும் ஆழமாக வேரூன்றியிருந்தது.

அடுத்தது காலக் குழப்பம். ஒழுக்கக்கேடுதான் காரணம் என்பவர்கள் பேரரசர் நீரோவைக் காட்டுகிறார்கள். அவர் இறந்தது 68-இல். பேரரசு மிக அகலமாகப் பரந்ததே அதற்குப் பின், பேரரசர் டிராஜன் காலத்தில். குடிநீர் வந்த ஈயக் குழாய்களின் நஞ்சே ரோமைக் கெடுத்தது என்கிறார்கள். அந்தக் குழாய்களும் ரோம் உச்சத்தில் இருந்தபோதே இருந்தவைதான்.

நம்மவர்களிடையே ஒரு வாதம் அதிகம் புழங்குகிறது: மிளகுக்குப் பொன்னைக் கொட்டிக் கொடுத்தே ரோம் ஓட்டாண்டியானது என்பது. இந்த வாதத்தின் ஊற்று ரோம எழுத்தாளர் பிளினி. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டெர்ஸ் (ரோம நாணயம்) போகிறது என்று அவர் வருந்தி எழுதினார். அவர் இறந்தது 79-இல், மேற்கு விழுவதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன். இந்த வணிகத்தால் அரசுக்கு வரவும் இருந்தது. சேரர் துறைமுகமான முசிறியோடு நடந்த வணிகம் பற்றிய பாப்பிரஸ் (நாணல் தாள்) ஒப்பந்தம் காட்டுவதுபோல, சரக்கு எகிப்துக்குள் நுழையும்போது நான்கில் ஒரு பங்கைச் சுங்கமாக எடுத்துக்கொண்டார்கள். கருவூலத்துக்கு அது பெரிய வருமானம். சேர நாட்டு மிளகின் பெருமையைச் சொல்ல அதன்மேல் ஒரு பேரரசின் சாவைச் சுமத்த வேண்டியதில்லை.

நாணய மதிப்புக் குறைவு உண்மையான சிக்கல்தான், ஆனால் மூன்றாம் நூற்றாண்டுச் சிக்கல். அகஸ்டஸ் காலத்தில் ஏறக்குறையத் தூய வெள்ளியாக இருந்த காசு, 260-களின் இறுதியில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லாமல் போனது. பிறகு பேரரசர் கான்ஸ்டன்டைன் ஒரு ரோம ராத்தல் தங்கத்துக்கு 72 என்ற கணக்கில், சுமார் 4.5 கிராம் எடையில் சாலிடஸ் பொற்காசு அடித்தார். ஐந்தாம் நூற்றாண்டிலும் அந்தக் காசு தரம் கெடவில்லை. மேற்குக் கருவூலத்துக்கு அது போதிய அளவில் வந்து சேரவில்லை என்பதுதான் விஷயம்.

ஏன் வரவில்லை என்பதில்தான் முக்கியமான தவறு நடக்கிறது. 410-இல் கோத் இனத் தலைவர் அலாரிக் ரோம் நகரைச் சூறையாடியதைப் பெரிதாக எழுதிவிட்டு, 439-ஐ விட்டுவிடுகிறோம். 410-இல் அரசவை ரோமில் இல்லை, ராவென்னாவில் இருந்தது. நகரம் மீண்டும் எழுந்தது. 439-இல் மன்னர் கெய்செரிக்கின் வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரைப் பிடித்ததோ மீள முடியாத அடி. இத்தாலிக்குத் தானியமும் வரியும் அனுப்பிய செழிப்பான மாகாணத்தின் தலைநகர் அது. போர் நடந்த நிலத்தில் வரி வசூலாகாது. வரி இல்லையென்றால் படை இல்லை. படை இல்லையென்றால் அடுத்த மாகாணமும் போகும். உடன்படிக்கையால் திரும்பக் கிடைத்த வட ஆப்பிரிக்க மாகாணமான நுமிடியாவின் வரியை 445-இல் எட்டில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டியிருந்தது. ஆப்பிரிக்காவை மீட்க 468-இல் கிழக்கும் மேற்கும் சேர்ந்து அனுப்பிய பெரும் கடற்படையை, கெய்செரிக் தீக்கப்பல்களை ஏவி அழித்தார். கிழக்கின் செல்வமான எகிப்தும் சிரியாவும் அப்போது இப்படிப்பட்ட படையெடுப்புக்கு எட்டாத தொலைவில் இருந்தன.

காட்டுமிராண்டிகள் வெளியிலிருந்து பாய்ந்து 476-இல் ஆட்சியைப் பறித்தார்கள் என்று எழுதுவதும் தவறு. அப்போது ஆட்சியைக் கைப்பற்றிய ஓடோவாக்கர் இத்தாலியின் ரோமப் படையிலேயே இருந்தவர். அந்த வீரர்கள் கேட்டது இத்தாலிய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு. தளபதி ஒரெஸ்டஸ் மறுத்துக் கொல்லப்பட்டார். அவர் மகன், பேரரசனாக இருந்த சிறுவன் ரோமுலஸ் அகஸ்டுலஸ், பதவி நீக்கப்பட்டு ஓய்வூதியத்தோடு தென் இத்தாலியின் காம்பானியாவுக்கு அனுப்பப்பட்டான். கிழக்கு அங்கீகரித்த மேற்குப் பேரரசர் ஜூலியஸ் நெப்போஸ், 480-இல் கொல்லப்படும்வரை இத்தாலிக்குக் கிழக்கே கடலுக்கு அப்பால் டால்மேஷியாவில் இருந்தார்.