காயலான் கடை நகைகளைச் சந்தையில் விற்கிறவர்களுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பெசன்ட் நகர்ப் பக்கம் ஒரு கலைச் சந்தையில், என் மேசைக்கு இரண்டு மேசை தள்ளி ஒரு கல்லூரிப் பெண் புதிதாகக் கடை போட்டிருந்தாள். பழைய சாவி, தையல் மெஷின் பாபின், கடிகாரப் பல்சக்கரம் எல்லாம் தோடாகவும் பதக்கமாகவும் மாறியிருந்தன. வேலை அவ்வளவு சுத்தம். ஒரு அம்மா தோட்டைக் கையில் எடுத்து, "எனக்குக் கவரிங்கே சேராதும்மா, இது காது புண்ணாகுமா?" என்று கேட்டார். "ஒண்ணும் ஆகாது ஆன்ட்டி" என்றாள் யோசிக்காமல். எட்டு வருஷத்துக்கு முன் நானும் இதே பதிலை இதே சிரிப்போடு சொன்னவள்தான்.

சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், க்யூஆர் அட்டையை மறக்காதீர்கள் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

கொக்கியில் மிச்சம் பிடிப்பது

என் முதல் சந்தைக்கு எச்எம்டி கடிகாரச் சக்கரங்களில் தோடு செய்தேன். காயலான் கடையில் பொறுக்கியவை. ஒவ்வொன்றையும் டூத் பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, பல் பல்லாகத் துடைத்தேன். இவ்வளவும் செய்துவிட்டு, காதுத் துளைக்குள் போகிற கொக்கியை மட்டும் பாரிமுனையில் பாக்கெட்டாக வாங்கினேன். ஜோடி இரண்டு ரூபாய். 14 ஜோடி விற்றது, வானத்தில் பறந்தேன்.

அடுத்த மாதச் சந்தைக்கு ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் காதில் தோடு இல்லை, வேப்பங்குச்சி செருகியிருந்தது. மடல் சிவந்து, துளையைச் சுற்றிப் பொருக்குத் தட்டியிருந்தது. அம்மா சத்தம்கூடப் போடவில்லை, தோட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றார், அதுதான் தாங்க முடியவில்லை.

விஷயம் நிக்கல்தான். மலிவுக் கொக்கி பெரும்பாலும் இரும்பு அல்லது பித்தளை, மேலே நிக்கல் முலாம். வியர்வை பட்டதும் நிக்கல் கசியும், ஒத்துக்கொள்ளாத தோல் வீங்கும், ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பொதுவாக ஆயுசுக்கும் கூடவே இருக்கும். தங்க நிறமாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், அந்த முலாமுக்கு அடியிலும் பல நேரம் ஒரு நிக்கல் அடுக்கு உண்டு. காந்தம் வைத்துப் பார்ப்பதும் வீண், இரும்பு என்றால் ஒட்டும், பித்தளை மேல் இருக்கும் மெல்லிய நிக்கல் முலாமை அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நெயில் பாலிஷ் பூசுவது இன்னும் மோசம், நாலு தடவை போட்டுக் கழற்றினால் தேய்ந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் துளைக்குள் போகும் பாகத்திலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நான் வாங்கிய பாக்கெட்டில் என்ன உலோகம் என்றுகூட எழுதியிருக்கவில்லை.

இப்போது 925 வெள்ளிக் கம்பி (92.5 சதவீதம் வெள்ளி), 20 கேஜ், அதாவது 0.8 மில்லிமீட்டர் தடிமன், வாங்கி நானே மார்க்கர் பேனாவில் சுற்றி வளைக்கிறேன். நுனியை அரத்தில் உருட்டிவிட வேண்டும், வெட்டிய முனை அப்படியே இருந்தால் வெள்ளியும் கிழிக்கும். ஒரு ஜோடிக்கு அரை கிராம் வெள்ளிதான் ஆகிறது! அந்த அரை கிராமுக்கா அந்தப் பெண் காது புண்ணானது என்று நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது. என்ன உலோகம் என்று தெரியாவிட்டால் "தெரியாதுங்க" என்று சொல்லுங்கள். விற்பனை ஒன்று போகும், போகட்டும்.

கரையில் பொறுக்கிய பவளப்பாறைத் துண்டு, கடல்விசிறி

இரண்டுமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற, அதாவது உச்சப் பாதுகாப்புள்ள கடல் உயிரினங்கள். அலை ஒதுக்கியதுதானே என்ற பேச்சு அங்கே எடுபடாது. உடைந்த பீங்கானும் தேய்ந்த கண்ணாடியும் கரையில் வேண்டிய மட்டும் கிடக்கின்றன, அதை எடுங்கள்.

ரூபாய் நாணயத்தை வெட்டுவது

2011 நாணயச் சட்டப்படி குற்றம். வேண்டாம்.

இருட்டில் மின்னும் பழைய டயல்

1970களுக்கு முந்தையது என்றால் கதிர்வீச்சு உள்ள ரேடியம் பூச்சாக இருக்கலாம். சுரண்டாதீர்கள், காயலான் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

சும்மா கிடைத்தது என்று விலை போடுவது

"குப்பையில கிடந்ததுக்கா 400 ரூபாய்?" என்று ஒருவராவது கேட்பார். வாதாடிப் பிரயோஜனமில்லை. நான் மேசை ஓரத்தில் ஒரு கிண்ணம் நிறைய, கழுவாத சக்கரங்களைக் கிரீஸும் துருவுமாக வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கச் சொல்வேன். விரல் கறுப்பானதும் துடைக்கத் துணி தேடுவார்கள், பேரம் பாதியில் நின்றுவிடும்.

வாங்கியவரின் நம்பரை வாங்காதது

அந்த 14 ஜோடியில் ஐந்துதான் என்னால் திரும்ப வாங்கிப் பணம் கொடுக்க முடிந்தது. மற்ற ஒன்பது யார் காதில் போயிற்றோ. அந்தச் சந்தைப் பக்கம் போனால் இன்னும் என் கண் தன்னால் காதுகளைப் பார்க்கிறது.

மேசை மடிக்கிற நேரத்தில் அந்தக் கல்லூரிப் பெண்ணிடம் போய் என் வெள்ளிக் கொக்கி இரண்டு ஜோடி கொடுத்தேன். "அந்த ஆன்ட்டி வாங்கினாங்களா?" என்று கேட்டேன். "ரெண்டு ஜோடி வாங்கினாங்கக்கா!" என்றாள், முகமெல்லாம் சந்தோஷம். நம்பர்? வாங்கவில்லை.