அண்ணாமலை நகருக்கு விருந்தாளிகள் வருகிறார்களா? முதலில் இறங்கும் நேரத்தைக் கேளுங்கள்

சிதம்பரத்தை ஒட்டியிருக்கும் நம் அண்ணாமலை நகரில், வீட்டில் ஒரு கல்யாணமோ, பிள்ளைக்குப் பட்டமளிப்போ வந்தால் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "சிதம்பரத்துக்கு எப்படி வரணும்?" நாமும் டக்கென்று ஒரு ரயில் பேரைச் சொல்லிவிட்டு போனை வைத்துவிடுகிறோம். அப்படிச் செய்யாதீர்கள். "எத்தனை மணிக்கு வந்து இறங்கப் போறீங்க, கூட யார் வர்றாங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். இது சின்ன ஊர். பகல் 11 மணிக்கு இறங்கினால் எல்லாம் சுலபம், விடிகாலை 3 மணிக்கு இறங்கினால் ஒரு ஆட்டோவுக்காகக்கூட நிற்க வேண்டியிருக்கும். அதனால் நேரத்தை முதலில் முடிவு பண்ணுங்கள், வண்டியை அப்புறம் பார்க்கலாம்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ரயில்தான் என் முதல் யோசனை. எழும்பூரிலிருந்து காலையில் கிளம்பும் சோழன் எக்ஸ்பிரஸ் மதியச் சாப்பாட்டுக்கு ஆளை வீட்டில் சேர்த்துவிடும், வயசானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் எல்லாருக்கும் அதையே சொல்லுங்கள். உழவன் எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பி விடிவதற்கு முன்பே சிதம்பரத்தைத் தாண்டிவிடுகிற வண்டி. லீவு போட முடியாத இளவட்டங்களுக்கு அது சரி, எழுபது வயசு அத்தைக்குச் சரிப்படாது. இரண்டுமே தாம்பரத்தில் நிற்கும். விமானத்தில் மீனம்பாக்கம் வருகிறவர்கள் எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை, எதிரே இருக்கும் திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்துத் தாம்பரம் வந்து அங்கேயே ஏறிக்கொள்ளலாம். டிக்கெட் எடுக்கும்போதே ஏறும் இடம் தாம்பரம் என்று போடச் சொல்லுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது, பத்திரிகை அச்சாகிற வரை காத்திருக்காமல் தேதி முடிவானதும் சொல்லிவிடுவது நல்லது.

ரயில் நம் ஸ்டேஷனில் நிற்பது கொஞ்ச நேரம்தான். பெட்டி, பை, சீர்த்தட்டு என்று சாமானோடு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் அடையாளம் வெள்ளாறு. பரங்கிப்பேட்டை தாண்டியதும் ரயில் ஒரு நீளமான பாலத்தில் தடதடவென்று ஏறும், கீழே தண்ணீர் அகலமாகத் தெரியும். அந்தச் சத்தம் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு, சாமானைக் கதவுப் பக்கம் நகர்த்திவிட வேண்டும். அடுத்து கிள்ளை, அதற்கடுத்தது சிதம்பரம். இரவு வண்டி என்றால் போனில் அலாரம் வைக்கச் சொல்லுங்கள், நீங்களும் ஒரு போன் போட்டு எழுப்புங்கள்.

பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. தெற்கே போகிற பஸ்களில் பெரும்பாலானவை இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்புகின்றன, பழைய ஞாபகத்தில் கோயம்பேட்டுக்குப் போய் நிற்கக் கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகும் வண்டிக்கு ஏறும் இடம் வேறாக இருக்கலாம், அதனால் டிக்கெட்டில் போட்டிருப்பதைப் படித்துவிட்டுக் கிளம்பட்டும். இரண்டாவது எச்சரிக்கை இதைவிட முக்கியம். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி போகும் இரவு வண்டிகள் எல்லாம் ஊருக்குள் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. என் பெரியம்மாவை ஒரு தனியார் பஸ் விடிகாலை மூன்றரைக்குப் பைபாஸில் இறக்கிவிட்டுப் போய்விட்டது, நான் பைக்கை எடுத்துக்கொண்டு போனபோது கையில் ஒரு பையும் காலடியில் பலாப்பழமுமாக இருட்டில் தனியாக நின்றுகொண்டிருந்தார். ஏறும்போதே "பஸ் ஸ்டாண்டுக்குள்ள போகுமா, பைபாஸா?" என்று கேட்டிருந்தால் அந்தக் கஷ்டமே இல்லை. இப்போது வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு நேர் ரயில் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வைகை எக்ஸ்பிரஸில் ஏறி விருத்தாசலத்தில் இறங்கி, அங்கிருந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம் பஸ். ஏறக்குறைய 45 கிலோமீட்டர்தான், அதுவும் பகல் பயணம். கோவைக்காரர்களுக்கு மயிலாடுதுறை ஜன் சதாப்தி இருக்கிறது (செவ்வாய்க்கிழமை கிடையாது), மயிலாடுதுறையில் இறங்கினால் சீர்காழி வழியாக பஸ் கிடைக்கும்.

சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் திருச்சியில் இறங்கிக் காரில் வருவதையும் யோசிக்கலாம். லால்குடி, மீன்சுருட்டி, காட்டுமன்னார்கோயில் வழியாக வந்தால் கங்கைகொண்ட சோழபுரம் வழியிலேயே. ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலை ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, வீராணம் ஏரியையும் பார்த்துக்கொண்டு வரலாம். அவசரமில்லாத குடும்பத்துக்கு நான் மனசாரச் சொல்கிற வழி இது.

ஊருக்குள் வந்தபின் குழப்பம் வருவது ஒரே இடத்தில்தான். தண்டவாளத்துக்கு மேற்கே சிதம்பரம் ஊர், கோயில், நான்கு தேர் வீதிகள். கிழக்கே 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அண்ணாமலை நகரும். உங்கள் நிகழ்ச்சி எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், வெறுமனே "ஸ்டேஷன் பக்கத்துல" என்றால் பாதிப் பேர் எதிர்ப்பக்கம் போய் நிற்பார்கள். லாட்ஜ்கள் ஊர்ப் பக்கம்தான் அதிகம். ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம் சமயங்களில் அறை கிடைப்பது ரொம்பக் கஷ்டம், அந்த நாட்களை ஒட்டித் தேதி வைத்திருந்தால் விருந்தாளிகளுக்கு அறையை நீங்களே முன்கூட்டிப் பிடித்துவிடுங்கள். வந்தவர்களுக்கு ஒரு வேளையாவது கத்தரிக்காய் கொத்சு போடுங்கள், அவ்வளவு தூரம் வந்துவிட்டு அதைச் சாப்பிடாமல் போகக் கூடாது.

திரும்பும் டிக்கெட்டையும் அதே நாளில் எடுக்கச் சொல்லுங்கள். சென்னை திரும்பும் இரவு வண்டி நள்ளிரவை ஒட்டித்தான் இங்கே வரும். 12 மணியைத் தாண்டி ஏறுவதாக இருந்தால் டிக்கெட்டில் மறுநாள் தேதி இருக்க வேண்டும், பதிவு செய்யும்போது அதை ஒருமுறை நீங்களே உடனிருந்து பார்த்துவிடுங்கள்.