அடாரி எஸ்டிக்கு பி.சி. ஃப்ளாப்பி டிரைவ்: 10, 12 வயர்களை மாற்றுங்கள்

பர்மா பஜாரிலோ மூர் மார்க்கெட்டிலோ பழைய பி.சி.யின் 3.5 அங்குல ஃப்ளாப்பி டிரைவ் கிடைத்தால், அடாரி எஸ்டி என்ற 1980-களின் வீட்டுக் கணினிக்குள் அதைப் பொருத்த ரிப்பன் கேபிளில் 10-ஆம், 12-ஆம் வயர்களை மட்டும் இடம் மாற்றினால் போதும். டிரைவில் அதன் எண்ணைத் தேர்வு செய்யும் ஜம்பர் (பின்களை இணைக்கும் சிறு துண்டு) இருந்தால் இன்னும் நல்லது. அதை டிஎஸ்0-க்கு, அதாவது முதல் டிரைவ் நிலைக்கு, மாற்றுங்கள், கேபிளை வெட்டவே வேண்டாம்.

எஸ்டி தன் முதல் டிரைவை 10-ஆம் பின்னில் கூப்பிடுகிறது. பி.சி. டிரைவோ 12-ஆம் பின்னில் காத்திருக்கும்படி அமைக்கப்பட்டது. பி.சி.யின் முறுக்கிய கேபிளை அப்படியே போடக்கூடாது. அது 10-ஐ 16-உடன், அதாவது மோட்டார் வயருடன், மாற்றிவிடும்.

வட்டு 720 கேபி வகையாக இருக்கட்டும். 1.44 எம்பி வட்டுதான் கையில் உள்ளதென்றால், எழுதும் முன் அதன் கூடுதல் துளையை டேப் ஒட்டி மூடுங்கள். நாளைக்கும் வேண்டிய கோப்புகளை அதில் நம்பி வைக்காதீர்கள்.

அதே காலத்து அமிகா கணினிக்கு இது போதாது. அது 34-ஆம் பின்னில் ‘ரெடி’ சிக்னலையும், 2-ஆம் பின்னில் வட்டு மாறிய சிக்னலையும் எதிர்பார்க்கும். கமடோர் 64 கணினிக்கு இந்த வழி அறவே கிடையாது. அதன் 1541 டிரைவ் தனி பிராசசரோடு சீரியல் கேபிளில் பேசுவது.