மிரிஸ்டைல் மிரிஸ்டேட்: லைபேஸ் வினையும் நீர் நீக்கமும் ஒரே குடுவையில்

க்ரீம், லோஷன்களில் வழவழப்புக்காகச் சேர்க்கும் மெழுகு எஸ்டர் இது; மிரிஸ்டிக் அமிலமும் மிரிஸ்டைல் ஆல்கஹாலும் இணைந்து உருவாவது. அமில வினையூக்கி போட்டு அதிக வெப்பத்தில் காய்ச்சினால் நிறமும் வாடையும் ஏறும். அவற்றைப் போக்கத் தனி வேலை. லைபேஸ் நொதி 60 டிகிரி செல்சியஸிலேயே வினையை முடித்துவிடும். சிக்கல், வினையில் பிறக்கும் நீர். அதை உடனுக்குடன் இழுத்து எடுக்காவிட்டால் வினை சமநிலையில் நின்றுவிடும்.

500 கிராம் கலவைக்கு மிரிஸ்டிக் அமிலம் 258 கிராம், மிரிஸ்டைல் ஆல்கஹால் 242 கிராம், நோவோசைம் 435 (பிசின் மணிகளில் ஒட்டவைத்த லைபேஸ்) மணிகள் 5 கிராம் எடுங்கள். வரவேண்டிய நீர் 20.3 கிராம். எடை போடுமுன் அமிலத்தின் அமில எண் (ஒரு கிராமிலுள்ள அமிலத்தை நடுநிலையாக்கத் தேவையான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, மில்லிகிராமில்) 245.7-ஐயும், ஆல்கஹாலின் ஹைட்ராக்சில் எண் (ஆல்கஹால் தொகுதிகளுக்கான அதே போன்ற அளவு) 261.7-ஐயும் ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். அமிலம் 1 சதவீதம் கூடினாலும் கடைசியில் அமில எண் 1.3-க்குக் கீழே இறங்காது; எவ்வளவு நொதி போட்டாலும் பயனில்லை.

2 லிட்டர் உருண்டை அடிக் குடுவை வேண்டும். நீரை வெற்றிடத்தில்தான் இழுக்கிறோம்; தட்டையான அடி அதில் உடையலாம். உருண்டைக் குடுவைக்கும் முன்னால் ஒரு தடுப்பு இருக்கட்டும். காந்தக் கலக்கி வேண்டாம். அடியில் உரசி மணிகளை மாவாக்கிவிடும். மேலிருந்து சுழலும் துடுப்பு போதும், மணிகள் மிதந்து சுற்றும் அளவு வேகத்தில்.

பலரும் சறுக்குவது குளிர்விப்பானில்தான். 10 மில்லிபாரில் நீர் ஏறக்குறைய 7 டிகிரியிலேயே கொதிக்கும். அப்போது 25 டிகிரி குழாய் நீர் ஓடும் குளிர்விப்பானில் ஒரு சொட்டுகூடச் சேராது. ஆவி முழுவதும் பம்பு எண்ணெயில் போய்க் கலந்து, எண்ணெய் பால்போல வெளுக்கும், வெற்றிடமும் இறங்காது. பம்புக்கு முன் பனிக்கட்டியும் உப்பும் கொண்டு குளிர்வித்த, ஆவியைப் பிடிக்கும் பொறி ஒன்று வையுங்கள். மைனஸ் 10 டிகிரி இருந்தால் போதும்.

மூலப்பொருள்களை 65 டிகிரியில் உருக்கி, 60-க்கு இறக்கி, மணிகளைப் போடுங்கள். வெற்றிடத்தை 300 மில்லிபாரில் தொடங்கி, முக்கால் மணி நேரத்தில் மெல்ல 100-க்கும், பிறகு 20-க்கும் இறக்குங்கள். அவசரப்பட்டால் நுரை பொங்கி மணிகளைப் பொறிவரை தள்ளும். நுரை ஏறினால் காற்றைக் கொஞ்சம் உள்ளே விடுங்கள், அடங்கிவிடும். கடைசிக் கட்டத்தில் 10 மில்லிபார். கூடவே மெல்லிய குழாய் வழியே உலர் நைட்ரஜனைச் சிறிது அடியில் விட்டால், எஞ்சிய நீர் குமிழியோடு வெளியேறும்.

மணிக்கொரு முறை மாதிரி எடுங்கள். தொடக்கத்தில் 2 கிராம், கடைசியில் 5 கிராம். சூடான எத்தனாலில் கரைத்து, நிறங்காட்டியாகப் பீனால்ப்தலீன் விட்டு, 0.1 நார்மல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் தரம் பாருங்கள் (டைட்ரேஷன்). செலவான மில்லிலிட்டரை 5.61-ஆல் பெருக்கி மாதிரியின் எடையால் வகுத்தால் அமில எண். தொடக்கத்தில் சுமார் 127. 99 சதவீத மாற்றத்தில் 1.3.

அமில எண் 10-இல் சிக்கிக்கொண்டால் உடனே நொதியைப் பழிக்க வேண்டாம். முதலில் நைட்ரஜனைக் கூட்டி அரை மணி பாருங்கள். இறங்கினால் குறை நீர் நீக்கத்தில். அசையாவிட்டால் 1 கிராம் புது மணி போடுங்கள். இறங்கினால் பழைய நொதி தளர்ந்துவிட்டது. இரண்டுக்கும் அசையாவிட்டால் எடையைச் சரிபாருங்கள்.

முடிந்ததும் சூட்டோடு வடிகட்டுங்கள். எஸ்டர் 40 டிகிரியை ஒட்டி உறையும். ஆறவிட்டால் மணிகளின் துளைக்குள் இறுகி, அடுத்த முறை மெதுவாகத்தான் கிளம்பும். மணிகளைச் சோப்பு நீரில் கழுவ வேண்டாம். நொதி பிசினில் ஒட்டி மட்டும் இருப்பதால் கரைந்து போய்விடும்.

ஐசோபுரொப்பைல் எஸ்டர்களுக்கு இந்த அமைப்பு பொருந்தாது. வெற்றிடம் நீரோடு ஆல்கஹாலையும் இழுத்துவிடும். அங்கே நீரை மட்டும் உறிஞ்சும் 3ஏ மூலக்கூறு சல்லடை வேண்டும், அல்லது நீரை மட்டும் கடத்தும் சவ்வு.